நூற்றுக்கு நூற்றுப் பதினைந்து

அன்புச்செல்வியின் கணக்கு தப்பாது. இதை ஊரார் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். திருவண்ணாமலை நகரத்துக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் லேபில் அவள் கெமிஸ்ட். ஊர் ஜனம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கழித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி மறந்துவிட்டு வருவதை, ஏழு வருஷமாகக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மில்லிகிராம் சுத்தமாக அளந்து வருகிறவள். ‘இந்த ஊரு இன்னா சாப்பிடுதுன்னு ஓட்டல்காரனுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்’ என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லப்போய், பக்கத்து இலைக்காரி பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்புச்செல்வி அதற்காக ஒன்றும் வருத்தப்படவில்லை. தன் இலைக்கு இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளின் வருடாந்திர ரிப்போர்ட்டை, லேப் இருக்கும் வேங்கிக்காலில் நடந்த கூட்டத்தில், பிரசாத் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிரசாத் சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர். மடிப்புக் கலையாத சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு. ஊர்க்கோடியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில், தண்ணீர் தெளிந்து வெளியே போன பிறகு அடியில் கசடு தங்கும். அதைக் காயவைத்தால் கறுப்பாக வெடிப்பு விட்ட கட்டிகள் கிடைக்கும். நிலையத்தில் அதற்குக் கேக்கு என்று பெயர். பெயர் வைத்தவனுக்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கேக்கை விவசாயிகளுக்கு எருவாகக் கொடுக்கலாமா, இல்லை குப்பைக் கிடங்கில் கொட்டிப் புதைப்பதா என்று தீர்மானிக்கத்தான் பிரசாத் வந்திருந்தார். கொடுப்பதென்றால் ஊர் கழித்ததில் எவ்வளவு சத்து கேக்கில் மீண்டு வருகிறது என்று அளந்து காட்ட வேண்டும். அளந்து காட்டியிருந்தவள் அன்புச்செல்வி.

கணக்கில் சிக்கல் ஒன்றுமில்லை. விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸ், ஆவியாகிப் பறந்து போகாது. சும்மா இருந்த இடத்தில் பிறக்கவும் செய்யாது. சாக்கடையோடு நிலையத்துக்குள் நூறு பங்கு வந்தால், தெளிந்த தண்ணீரோடு போனதும் கேக்கில் தங்கியதும் சேர்ந்து நூறு வர வேண்டும். நூற்று மூன்று வந்தாலும் மன்னிக்கலாம்.

“உள்ள வந்தது நூறு,” என்றார் பிரசாத். “தண்ணியோட போனது நாப்பத்தஞ்சு. கேக்குல எழுபது. கூட்டிச் சொல்லுங்க மேடம்.”

“நூத்திப் பதினஞ்சு.”

“வந்ததே நூறுதான். போறது மட்டும் எப்படி நூத்திப் பதினஞ்சு ஆகும்?”

“ஆகக் கூடாதுதான் சார். ஆனா நான் அளந்தது சரி.”

பிரசாத் பென்சிலைக் கீழே வைத்தார். “கேக்குல சத்து ஜாஸ்தியா காட்டணும்னு, சாம்பிள் எடுக்கிற இடத்துல கடை உரத்தத் தூவி விட்டா இந்த மாதிரி வரும். வேற ஊர்ல பாத்திருக்கேன். டிஏபி ரெண்டு கைப்பிடி போதும். நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லலை. பேப்பர் அப்படிச் சொல்லுது.”

அன்புச்செல்விக்குக் காது மடல் சூடேறிவிட்டது. கணக்கு தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். களவாணி என்று சொல்லாமல் சொன்னதற்கு என்ன செய்வது? மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளர் எழிலரசியைப் பார்த்தாள். நிலையமும் லேபும் எழிலரசியின் பொறுப்பில் இருப்பவை. நல்ல பெண்மணிதான், ஆனால் சென்னையிலிருந்து ஆள் வந்தால் கொஞ்சம் பயப்படுவார்.

“செல்வி, இன்னும் இருபது நாள்ல அடுத்த கூட்டம்,” என்றார் எழிலரசி. “அதுக்குள்ள இந்தப் பதினஞ்சு எங்கேர்ந்து வந்துதுன்னு காட்டு. முடியலைன்னா டெஸ்ட் எல்லாம் வெளி லேபுக்குப் போயிடும். நம்ம லேப மூடச் சொல்லி எழுதிடுவாங்க. என்னால தடுக்க முடியாது.”

“காட்றேன் மேடம்,” என்றாள் அன்புச்செல்வி. பிறகு பிரசாத்தின் பக்கம் திரும்பினாள். “காட்டிட்டேன்னா, டிஏபின்னு சொன்னத நீங்க எழுத்துல வாபஸ் வாங்கணும் சார்.”

பிரசாத் உடனே, “வாங்கறேன்,” என்றார். வாய்தா கேட்காமல் ஒப்புக்கொண்டதால் அந்த மனுஷன்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

அடுத்த நாலு நாள் அவள் லேபைத் தலைகீழாகப் புரட்டினாள். தராசுக்கு எடைக்கல் வைத்துப் பார்த்தாள். பழைய மாதிரிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி வேகவைத்து, நிறம் ஏற்றி, அளந்தாள். ஒவ்வொன்றும் பழைய எண்ணையே திருப்பிச் சொன்னது. கேக்கு லாரிகளின் எடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள், அதுவும் சரி. ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. லேபில் தப்பு இல்லை. அப்படியானால் பதினைந்து பங்கு மணிச்சத்து வேறு எங்கிருந்தோ நிலையத்துக்குள் வந்திருக்கிறது. எங்கிருந்து என்பது மட்டும்தான் பாக்கி. அந்த ‘மட்டும்தான்’ பெரிய மட்டும்தான். இருந்தாலும் அவள் அன்று டிபனுக்கு இரண்டு பூரி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அன்று மத்தியானம் கண்ணாயிரம் போன் செய்தார். அடி அண்ணாமலையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். சோதனைக்காகக் கொடுத்த கேக்கை அரை ஏக்கர் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, போட்டவர். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்து சொல்லியாகிவிட்டது. இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

“யம்மா, ஒரு தபா நிலத்துக்கு வந்துட்டுப் போங்க. போன்ல சொல்ற விசயம் இல்ல.”

அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாயிரம் மோட்டார் கொட்டகையின் கதவைத் திறந்து, ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையைக் காட்டினார். கையால் தொடவில்லை, காட்டினார்.

“உங்க கேக்க ஒடைச்சுப் போட்டப்போ உள்ள இருந்து வந்துதுங்க. நீங்களே பாருங்க.”

பைக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலங்கள். மலைப் படமும் அண்ணாமலையார் பெயரும் அச்சடித்த விபூதிப் பொட்டலங்கள். கிரிவலம் வருகிறவர்கள் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. சில காலி, சிலவற்றில் விபூதி ஈரம் பட்டுக் கல்லாகியிருந்தது.

“முப்பத்தேழு இருக்குது,” என்றார் கண்ணாயிரம். “இத இன்னா பண்றதுன்னே தெரியலம்மா. வந்த எடத்த நெனச்சா ஊட்டுக்குள்ள எடுத்தாற முடியல. சாமி படம் போட்டிருக்குது, குப்பையிலயும் போட முடியல. நானும் எம் பொண்டாட்டியும் அன்னியிலேர்ந்து இதப் பத்தித்தான் பேசினு இருக்கோம். நெத்தியில இட்டுக்கவும் முடியல, தூக்கி எறியவும் முடியலன்னு தோ, ஆணியில மாட்டி வெச்சிருக்கேன்.”

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரல் அகலம். சிரிப்பு நின்றுவிட்டது.

நிலையத்துக்கு வரும் சாக்கடை முதலில் கம்பிச் சல்லடையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கம்பிக்குக் கம்பி ஆறு மில்லிமீட்டர். சுண்டுவிரல்கூட நுழையாது. ஷாம்பு கவர், பாக்குப் பொட்டலம், ஊதுவத்திக் குச்சிக் கட்டு எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அதை வாரிப் போடவே தனியாக ஆள் உண்டு. ஒன்று இரண்டு மடங்கிச் சுருண்டு தப்பலாம். அரை ஏக்கர் எருவில் முப்பத்தேழு தப்பாது. இந்தப் பொட்டலங்கள் சல்லடை வழியாக வரவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்து சுருக்கென்று தைத்தது. லேபுக்கு வரும் கேக்கைப் பொடியாக்குவதற்கு முன்னால் கல், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட பொட்டலங்களை எத்தனை முறை அவளே இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறாள்! சாட்சியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்ட கெட்டிக்காரி.

“கண்ணாயிரம், இந்தப் பையை நான் எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கங்கம்மா, புண்ணியமாப் போகும்,” என்றார் அவர். தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்கியதுபோல நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

அவள் நேராக நிலையத்துக்குப் போனாள். பம்ப் ஆபரேட்டர் வேடியப்பன் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு, பதினோரு வருஷமாக அங்கேயே இருப்பவர். நிலையத்தின் ஒவ்வொரு வால்வும் எந்தப் பக்கம் திரும்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அவள் பையைத் திறந்து காட்டினாள். வேடியப்பன் பார்த்தார். கிரீஸ் கையை வேட்டித் துணியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“வேடியப்பண்ணா, இது எந்த வழியா உள்ள வந்துது?”

“பின்னாடி கேட்டு வழியா மேடம்,” என்றார் அவர். மறைக்க அவருக்குத் தெரியாது.

பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றுகிறது. பதினாலு கிலோமீட்டர் பாதை நெடுக தற்காலிகக் கழிப்பறைகள் வைக்கிறார்கள். அவை நிறைந்ததும் டேங்கர் லாரிகள் உறிஞ்சிக்கொண்டு நிலையத்துக்கு வருகின்றன. ஆனால் நிலையத்தின் முன்வாசல் சாலையில் அன்றைக்கு வண்டி விட மாட்டார்கள், தடுப்பு போட்டுவிடுவார்கள். அதனால் லாரிகள் வயல் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வரும். பின்பக்கம் கேட்டை ஒட்டி இருப்பது கசடுத் தொட்டி. வேடியப்பன் கேட்டைத் திறந்துவிடுவார். லாரிக்காரர்கள் குழாயை அதில் போட்டுவிட்டு, காலி செய்துகொண்டு போவார்கள். சல்லடையும் இல்லை, தண்ணீர் அளக்கும் மீட்டரும் இல்லை.

“ஏன்ணா எங்கிட்ட சொல்லலை?”

“நீங்க கேக்கலையே மேடம்,” என்றார் வேடியப்பன். “நான் கேட்டத் தெறக்கலைன்னா ராவோட ராவா ஏரியில உட்டுட்டுப் போயிடுவான் மேடம். நானே முன்ன பாத்திருக்கேன். அப்பால அந்தத் தண்ணியிலதான் மாடு குடிக்கும். அதான் தெறந்து உட்டேன். தப்புங்களா?”

அவளுக்கு வேறொரு கேள்வி எழுந்தது. பௌர்ணமியன்று இங்கே ஒரு தடவை வந்திருந்தால் அவளே பார்த்திருப்பாளே, ஏன் பார்க்கவில்லை? பதில் பம்ப் அறையின் சுவரில் ஒட்டியிருந்தது. மாதிரி எடுக்கும் கால அட்டவணை. நாலு வருஷத்துக்கு முன் அவளே தன் கையால் எழுதி, கண்ணாடித்தாள் போட்டு ஒட்டியது. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘பௌர்ணமியன்றும் மறுநாளும் மாதிரி எடுக்க வேண்டாம்.’

காரணம் நியாயமானதுதான். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு மாதிரிப் பெட்டி வேங்கிக்கால் லேபுக்கு வருவதற்குள் பனிக்கட்டி உருகிவிடும், மாதிரி கெட்டுவிடும். கெட்ட மாதிரியை அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்று அன்றைக்குப் பெருமையாக முடிவு எடுத்தாள். இந்த ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, பௌர்ணமியைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டாள். அதை இப்போது வாசித்தபோது தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு குட்டிக்கொண்டாள்.

“எத்தனை லாரி வரும்ணா? தோராயமா சொன்னா போதும்.”

“தோராயம் எதுக்கு மேடம்?” என்று வேடியப்பன் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

இரும்புக் கேட்டின் உள்பக்கம் முழுவதும் சாக்பீஸ் கோடுகள். ஐந்து ஐந்தாகக் கட்டு கட்டியது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு வரிசை, பக்கத்தில் தமிழ் மாசம். யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது என்று லாரிக்காரர்கள் அடித்துக்கொள்வார்களாம். அதற்காக வந்த வரிசைக்குக் கோடு போட ஆரம்பித்து, அப்படியே பழக்கமாகிவிட்டது. மழை படாத பக்கம் என்பதால் அழியவில்லை. சித்திரைக்கு நூற்றுப் பன்னிரண்டு. கார்த்திகை தீபத்துக்கு இருநூற்றெட்டு, அது கேட்டில் இடம் போதாமல் மதில் சுவருக்கும் போயிருந்தது.

அன்புச்செல்வி அங்கேயே ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து கூட்டினாள். ரிப்போர்ட் வருஷத்துக்குத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு லாரி. கணக்கில் மிஞ்சி நின்ற பதினைந்து பங்கு என்பது எடையில் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்திரண்டு கிலோ பாஸ்பரஸ். வகுத்தாள். லாரிக்கு ஒரு கிலோ எண்ணூறு கிராம். ஒரு லாரி ஆறாயிரம் லிட்டர். லிட்டருக்கு முந்நூறு மில்லிகிராம். சாக்கடைக்கு அது அதிகம், நேராகக் கழிப்பறையிலிருந்து உறிஞ்சியதற்குப் பொருந்தும்.

“இருக்கலாம்,” என்று உரக்கச் சொன்னாள். “தாராளமா இருக்கலாம்.”

“இன்னா மேடம் இருக்கலாம்?”

“நம்ம வேலை இருக்கலாம்ணா.”

பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வேறு யாராவது இருந்தால் அந்த ஆறு நாளில் எங்கேயாவது ஒரு கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்திருப்பார்கள். அன்புச்செல்வி அப்படிச் செய்யவில்லை. முதலில் எழிலரசியிடம் போய்ப் பின்வாசல் விஷயத்தைச் சொன்னாள். பிறகு ஒரு தாளில் ஒரே ஒரு எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிரசாத்துக்குப் போன் செய்தாள்.

“சார், பௌர்ணமி ராத்திரி முடிஞ்சு விடியக்காலையில இங்க டேங்கர் லாரி வரும். அதுல லிட்டருக்கு எவ்ளோ பாஸ்பரஸ் இருக்கும்னு இப்பவே எழுதி உறையில போட்டு அனுப்பறேன். நீங்களே வந்து, உங்க கையால சாம்பிள் எடுத்து, நீங்க சொல்ற லேபுக்கு அனுப்புங்க. நான் தொடவே மாட்டேன். ரிசல்ட்ட எங்கிட்ட காட்டவும் வேணாம். கூட்டத்துல ரெண்டையும் ஒண்ணாப் பிரிப்போம்.”

“ஒரே நம்பரா மேடம்? இருநூறுலேர்ந்து நானூறுக்குள்ளன்னு அந்த மாதிரி ஏதாவது…”

“ஒரே நம்பர்தான். பத்து பர்சன்ட் முன்ன பின்ன இருக்கலாம். அதுக்கு மேல போனா நான் சொன்னது தப்பு.”

போனை வைத்த பிறகுதான் பணயத்தைக் கணக்குப் பார்த்தாள். எண் தப்பினால் லேப் போகும், பெயரும் போகும், டிஏபி தூவியவள் என்ற பட்டம் ஓய்வு பெறும்வரை கூடவே வரும். இருந்தாலும் இரண்டாவது உறை தயார் செய்யும் எண்ணம் அவளுக்கு வரவில்லை. கணக்கு சரி. சரியான கணக்கை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும்?

பிரசாத் வந்தார். சொன்னபடி, பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பின்வாசலில் நின்றார். மடிப்புக் கலையாத சட்டைமேல் பிளாஸ்டிக் அங்கி, கைகளில் கையுறை, காலில் ரப்பர் பூட்ஸ். தடுப்புகளைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். மலை உச்சியில் வெயில் படத் தொடங்கியிருந்தது. வயல் பாதையில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேடியப்பன் சாக்பீஸோடு கேட்டில் நின்று, “ஆடி, இருவத்தி நாலு! அடுத்தது வா!” என்று கூவினார்.

அன்புச்செல்வி பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சும்மா நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பிரசாத் வாளியைக் குழாயின் வாயில் சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ‘இன்னும் கொஞ்சம் சாய்ங்க சார்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள். மூன்றாவது லாரியில் அவர் தானாகவே கற்றுக்கொண்டார். எட்டாவது லாரியில் வாளியில் ஏதோ மிதந்ததைக் குனிந்து பார்த்தார். இடுக்கியால் எடுத்தார். மலைப் படம் போட்ட விபூதிப் பொட்டலம்.

“இதுதானா?” என்றார்.

“இதேதான் சார்.”

பிரசாத் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். எங்கே போடுவதென்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். சென்னை மனுஷனும் கண்ணாயிரமும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. வேடியப்பன் வந்து வாங்கிக்கொண்டு போய்க் கேட்டின் கொக்கியில் தொங்கிய பையில் போட்டார்.

கூட்டம் நடந்த அன்று அன்புச்செல்வி நீலப் பட்டு கட்டிக்கொண்டு போனாள். தோற்கப் போகிறவள் பட்டுப் புடவை கட்ட மாட்டாள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்பது ஒரு காரணம். தோற்றாலும் பட்டுப் புடவையில் தோற்கலாம் என்பது இன்னொன்று, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேடியப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சுவரோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துடைப்பதற்குக் கிரீஸ் இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரசாத் அவளுடைய உறையைப் பிரித்தார். “முந்நூறு,” என்று வாசித்தார். பிறகு வெளி லேபிலிருந்து வந்த உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.

“இருபத்தஞ்சு லாரி, சராசரி இருநூத்தி எம்பத்தெட்டு,” என்றார் பிரசாத். கால்குலேட்டரை எடுத்தார், தட்டினார், எழிலரசியின் பக்கம் திருப்பிக் காட்டினார். “டேங்கரையும் சேத்தா உள்ள வந்தது நூத்திப் பதினாலு புள்ளி நாலு. வெளிய போனது நூத்திப் பதினஞ்சு. நூத்துக்கு அரைதான் வித்தியாசம். இவ்வளவு சுத்தமா டேலி ஆன கணக்க நான் இந்த மாநிலத்துல பாத்ததில்ல மேடம்.”

அன்புச்செல்விக்கு மேஜைமேல் ஏறி நிற்க வேண்டும் போலிருந்தது. பட்டுப் புடவை என்பதால் உட்கார்ந்திருந்தாள்.

எழிலரசியின் முகம் மலரவில்லை. “அதெல்லாம் சரி. பின்வாசல் கேட்ட யார் தெறந்தது, யார் உத்தரவுல தெறந்ததுன்னு ரிப்போர்ட்ல கேப்பாங்க. நான் யார் பேரை எழுதறது?”

வேடியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அன்புச்செல்வி எழுந்துவிட்டாள்.

“ரெண்டு பேரு எழுதுங்க மேடம். கேட்டத் தெறந்தது வேடியப்பன். அவர் தெறக்கலைன்னா தொள்ளாயிரத்துப் பன்னெண்டு லாரியும் ஏரிக்குப் போயிருக்கும். யாரும் சொல்லாமலே ஒவ்வொரு லாரிக்கும் கோடு போட்டு வெச்சதும் அவருதான், அந்தக் கோடு இல்லைன்னா எங்கிட்ட கணக்கே இல்ல. அதையும் சேத்து எழுதுங்க. தப்பு பண்ணது நானு. என் மெஷின் தப்பு இல்ல, என் கெமிஸ்ட்ரி தப்பு இல்ல. காலண்டர் தப்பு. பௌர்ணமியன்னிக்கு மாதிரி எடுக்க வேணாம்னு நாலு வருஷம் முன்ன எழுதி ஒட்டினது நான்தான். இந்த ஊர்ல ஒக்காந்துகினு பௌர்ணமிய விட்டுட்டு ஊரை அளந்திருக்கேன். முந்தின வருஷத்து ரிப்போர்ட்டையும் திருப்பி வாங்கி, திருத்தித் தரேன்.”

சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. தப்பு என்ற வார்த்தையைத் தன் பெயரோடு சேர்த்து அவள் அதற்கு முன் அந்த அறையில் சொன்னதில்லை. கசந்தாலும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

பிரசாத் பேனாவை எடுத்தார். பென்சில் இல்லை, பேனா. தன்னுடைய முதல் குறிப்பில் கடை உரம் என்று எழுதியிருந்த வரியை நேர்க்கோடாக அடித்து, ‘சந்தேகம் ஆதாரமற்றது, வாபஸ் பெறப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார். அதற்குக் கீழே, பின்வாசலில் சல்லடையும் மீட்டரும் வைத்த பிறகு கேக்கை விவசாயிகளுக்குக் கொடுக்கலாம், பரிசோதனையை இப்போதுள்ள லேபே தொடரலாம் என்று எழுதினார். கடைசியில், லாரிக் கணக்கைப் பராமரித்தவர் வேடியப்பன் என்று ஒரு வரி சேர்த்தார்.

வேடியப்பன் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இன்னா மேடம், சாக்பீஸுல போட்ட கோடுக்கா?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே அன்புச்செல்வி நிலையத்துக்குப் போய்ப் பம்ப் அறைச் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தாள். கண்ணாடித்தாள் லேசில் வரவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. புதிய அட்டவணை ஒட்டினாள். அதில் சிவப்பு மையில் எதுவும் எழுதவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள், விடிந்தும் விடியாமலும் வேடியப்பன் போன் செய்தார். பின்னால் மோட்டார் சத்தம்.

“மேடம், தூக்கத்த கெடுத்துட்டேன். முதல் லாரி வயல் பாதையில திரும்பிடுச்சு. ரோடெல்லாம் ஒரே கூட்டம், நீங்க எப்படி வரப் போறீங்கன்னு…”

“பின்னாடி கேட்டுக்கு வெளிய நின்னுகினு இருக்கேன்ணா,” என்றாள் அன்புச்செல்வி. “வந்து தெறங்க. சாக்பீஸ் கொண்டாங்க, முதல் கோடு நான்தான் போடுவேன்.”